பெரட்டுக்களத்தில் கடைசிப் பெயர்

தேயிலைத் தூளில் காம்பு கலந்திருந்தால் அதைக் கேமரா வைத்துக் கண்டுபிடித்து, காற்றால் ஊதி வெளியே தள்ளும் இயந்திரம் ஒன்று உண்டு. அதை ரிப்பேர் பார்ப்பது என் பிழைப்பு. இலங்கையில் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அந்த இயந்திரத்துக்குக் கிறுக்குப் பிடித்து, நல்ல தூளையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டுக் காம்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. "அஞ்சு நாள் போயிட்டு வாங்க, குளுகுளுன்னு இருக்கும்" என்று கம்பெனியில் சொன்னார்கள். குளிர் எனக்கு ஆகாது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்!

கூடவே ஒரு தலைவலியையும் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். மகள் காயத்ரிக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை மாதிரியை அச்சகத்துக்காரர் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். எல்லாம் சரி, ஒரு பெயருக்கு முன்னால் மட்டும் கேள்விக்குறி. என் தம்பி சிவராமன், காயத்ரியின் சித்தப்பா. ஒன்பது வருடங்களுக்கு முன் திருச்சியை விட்டுப் போனவன். இருக்கிறானா இல்லையா என்று இன்றுவரை ஒரு தகவலும் கிடையாது. "சார், இவருக்கு முன்னாடி திரு போடுறதா, அமரர் போடுறதா, இல்ல பேரையே எடுத்துடுறதா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிளேட் போடணும்" என்று குரல் பதிவு வேறு.

என் மனைவி மீனாவுக்கு இதில் குழப்பமே இல்லை. "குறி சொல்றவங்க மூணு பேரும் ஒரே மாதிரி சொல்லிட்டாங்க. அமரர்னு போடுங்க, இல்லாட்டி எடுத்துடுங்க. ரெண்டுக்கும் நடுவுல தொங்குற பேரு கல்யாணப் பத்திரிகையில வேண்டாம்." எனக்குக் குறியிலும் நம்பிக்கை இல்லை, கோயிலிலும் நம்பிக்கை இல்லை. அவள் உள்ளே போய்க் கும்பிடும்போது வெளியே செருப்புக்குக் காவல் இருக்கிற ஆள் நான்.

தம்பி ஏன் போனான் என்று கேட்டால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். குடி என்பார்கள், வேலை போனது என்பார்கள், ஏழரைச் சனி என்பார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. அதை ஒன்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை மாலை மலை ஏறும்போதே பனிமூட்டம் இறங்கிவிட்டது. என்னை ஏற்றிவந்த வேனின் துடைப்பான் பாதி வழியில் கழன்று விழ, ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார். எதிரே என்ன வருகிறது என்று தெரியவில்லை. "பயப்படாதீங்க ஐயா, எதுக்க வர்றவனுக்கும் ஒண்ணும் தெரியாது, அவனும் மெதுவாத்தான் வருவான்" என்றார். இதைவிட நல்ல ஆறுதலை நான் கேட்டதில்லை.

தொழிற்சாலைக்கு மேலே ஒரு அறை கொடுத்திருந்தார்கள். கம்பளி இரண்டு, வெந்நீர் ஒரு வாளி. தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் வந்தன. வெங்காயமும் மிளகாயும் மாசிக் கருவாடும் சேர்த்து இடித்த அந்தச் சம்பல் முதல் வாயிலேயே காதுவரை எரிந்தது. நான்கு ரொட்டி சாப்பிட்டேன். இந்தக் குளிருக்கு அந்தக் காரத்தை யார் கண்டுபிடித்தாரோ, நன்றாக இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜன்னலுக்கு வெளியே பேச்சுக் குரல் கேட்டு விழித்தேன். கீழே இருக்கும் முற்றம்தான் பெரட்டுக்களம். தோட்டத்து ஆட்கள் வேலைக்குப் போகுமுன் கூடி நின்று பெயர் கொடுக்கும் இடம். எட்டிப் பார்த்தால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு குரலாக "இருக்கேங்க", "இருக்கேங்க" என்று பதில் வந்தது. முகமே இல்லாமல் குரல் மட்டும் வருவதை ஜன்னலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒரு பெயர். "ராமையா!"

பதில் இல்லை. யாரும் இருமவில்லை, கால் மாற்றி நிற்கவில்லை. அத்தனை பேர் நிற்கிற இடத்தில் அப்படி ஒரு அமைதி. பிறகு கங்காணி, எதுவும் நடக்காதது போல, "சரி, மலைக்குப் போங்க" என்றார். ஆட்கள் கலைந்து போனார்கள்.

தொழிற்சாலையின் டீமேக்கர் பெயர் பண்டார, சிங்களவர். தமிழ் நன்றாகவே பேசுவார். தூள் தயாரிப்பு முழுவதும் அவர் பொறுப்பு. "யாருங்க அந்த ராமையா? இன்னைக்கு லீவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அது அந்த ஆக்களோட விஷயம் சார். நீங்க மெஷினப் பாருங்க" என்றார்.

மெஷினைப் பார்க்கவும் உடனே விடவில்லை. மூலையில் குங்குமம் பூசிய ஒரு கல் இருந்தது. ரோதமுனியாம், இயந்திரங்களைக் காக்கும் சாமியாம். சூடம் காட்டி முடித்தால்தான் மூடியைத் திறக்கலாம் என்று ஆட்கள் நின்றார்கள். "காத்துக் குழாய் வெடிச்சிருந்தா முனி வந்து ஒட்டுவாரா?" என்றேன். சூடம் அணைந்தது, திறந்தேன், குழாய்தான் வெடித்திருந்தது. வாய்க்கு ருசியாக இருந்தது அந்த வெற்றி, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

புதன்கிழமை குழாய் வாங்கத் தலவாக்கலை டவுனுக்கு பஸ்ஸில் போனேன். ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து நடத்துநர் சிங்களத்தில் ஏதோ கத்தினார். பக்கத்து ஆள் மொழிபெயர்த்தார்: "உள்ளே நடனம் ஆடுகிற அளவுக்கு இடம் இருக்கிறது, முன்னால் போங்கள்." திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் கேட்டு வளர்ந்த அதே பொய். கடல் தாண்டியும் அது மாறவில்லை.

சாமான் கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டார்கள், நானும் நானா என்றேன். குழாயைத் தேடி எடுத்துவிட்டு, இஞ்சி போட்ட பிளேன்டீ வரவழைத்தார். பால் ஊற்றாத டீயைக் குடிக்க யோசித்தால், "மலைக்கு வந்து தேயிலையக் குடிங்க, பால ஊருக்குப் போய்க் குடிங்க" என்றார். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், "ராமையா பேரு கூப்புடுறாங்களா இன்னும்?" என்று அவரே கேட்டார்.

விஷயம் இதுதான். ராமையா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடிகளைச் சில வருடத்துக்கு ஒருமுறை இடுப்பளவுக்கும் கீழே வெட்டி விடுகிற வேலைக்குக் கவ்வாத்து என்று பெயர். ஆறு வருடத்துக்கு முன், நாலாம் நம்பர் மலையில் வெட்டிக்கொண்டிருந்தபோது பகல் பன்னிரண்டு மணிக்குப் பனிமூட்டம் இறங்கியிருக்கிறது. விலகியபோது கத்தி இருந்தது, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு இருந்தது, பாதி வெட்டிய செடி இருந்தது. ஆள் இல்லை. சிறுத்தை என்றார்கள், ரத்தம் இல்லை. ஆற்றில் விழுந்தார் என்றார்கள், ஆறு அந்தப் பக்கமே இல்லை. போலீஸ் வந்து போனது.

"செக்ரோல் புஸ்தகத்தில பேர வெட்டிட்டாங்க. ஆனா அவர்ட பொஞ்சாதி லெட்சுமி விடல்ல. பேரு கூப்புடாத ஆளு எப்பிடித் திரும்பி வருவாருன்னு கேட்டாவாம். அதனால கங்காணி புஸ்தகத்தில இல்லாத பேர வாயால கூப்புடுறாரு. அந்தப் பாதிச் செடியையும் யாரும் தொடுறதில்ல." நானா கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார். "ஆளு எங்க இரிக்காருன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

திரும்பும்போது பஸ் ஏற்றத்தில் நின்றுவிட்டது. இறங்கி நடந்தவன் நாலாம் நம்பர் மலை எது என்று கேட்டுப் போய்ப் பார்த்தேன். சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடுப்பளவுக்குப் பாய் விரித்தது போல் கிடக்கும் பச்சைக்கு நடுவே ஒரே ஒரு தேயிலை, மரமாகி நின்றது. வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கே அன்றுதான் உறைத்தது. ஒரு பக்கம் மட்டும் பழைய வெட்டுத் தழும்புகள், மறுபக்கம் ஆள் உயரத்துக்கு மேல் கிளை, நிறைய வெள்ளைப் பூ. காற்று இல்லை, ஆனாலும் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. அட்டை காலில் ஏறியதைக்கூடக் கவனிக்காமல் வேகமாக இறங்கிவந்தேன்.

அன்று சாயங்காலம் மீனா பேசினாள். "என்னங்க முடிவு பண்ணீங்க?" யோசிக்கிறேன் என்றேன். "யோசிக்க என்ன இருக்கு? உங்க தம்பிதானே, நீங்கதானே சொல்லணும்" என்றாள். ஆமாம், நான்தான் சொல்லவேண்டும்.

வியாழக்கிழமை பெரட்டைக் கிட்ட இருந்து பார்க்கவேண்டும் போலிருந்தது. முற்றத்து ஓரம் இருந்த கொட்டகைக்குப் பின்னால், தொழிற்சாலைச் சுவரை ஒட்டி நின்றேன். முந்தைய நாளைவிடப் பனி கனம். என் கையே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. பெயர்கள் தொடங்கின. "மாரியாயி." இருக்கேங்க. "புஷ்பம்." இருக்கேங்க. "லெட்சுமி." ஒரு நொடி தாமதித்து, அடக்கமான குரலில், இருக்கேங்க. அதுதான் அவர் என்று தெரிந்துகொண்டேன்.

"ராமையா!"

அந்த அமைதி மறுபடி வந்தது. இந்தத் தடவை அது என்மேல் வந்து உட்கார்ந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம், எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்ட குரல் என் காதில் விழுந்தது. யாரோ பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று தோன்றியது.

"இருக்கேன்."

சொன்னது நான்தான். என் வாய்தான். ஆனால் குரல் என்னுடையதாக இல்லை, எனக்கு அது அந்நியமாகக் கேட்டது.

ஒரு பெண் வீரிட்டாள். கங்காணி கையிலிருந்த புத்தகம் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அடப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். ஓடிவிடலாம் என்று திரும்புவதற்குள் பனிக்குள்ளிருந்து ஒரு பெண் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, இருட்டில் சுவரைத் தேடுகிறவர் போல வந்தார். ஐம்பது வயதிருக்கும். வந்து என் சட்டையைத் தொட்டார். துணியை விரலால் தடவிப் பார்த்தார்.

"அவரு சட்ட இல்ல" என்றார்.

"மன்னிச்சிருங்கம்மா. நான் மெஷின் பார்க்க வந்தவன். தெரியாம... வாயில வந்திருச்சு."

லெட்சுமி அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கூடைக்காரப் பெண்களோடு மலைக்குப் போய்விட்டார். கங்காணி வேலு மட்டும் என்னிடம் வந்தார். நல்ல மனுஷர், விழுந்த புத்தகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஐயா, நீங்க எங்க நின்னீங்க?"

"இங்கேதாங்க. இந்தச் சுவர்கிட்ட."

அவர் தலையை ஆட்டினார். "சத்தம் இங்கிட்டு இருந்து வரலீங்க. நாலாம் நம்பர் மலப் பக்கம் இருந்து வந்திச்சு. எல்லாரும் அந்தப் பக்கந்தான் திரும்புனோம். லெட்சுமி மட்டுந்தான் இங்க வந்திச்சு."

பனி குரலை எங்கேயாவது மோதித் திருப்பியிருக்கும், சுவர், மலை, எதிரொலி. எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் அன்று பகல் முழுக்க மெஷினுக்குப் பின்னால் கை வைக்கும்போதெல்லாம் முதுகைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுக் குழாய் மாட்டி ஓட்டினேன். காம்பைச் சரியாகத் தள்ளியது. ஆட்கள் ரோதமுனிக்குச் சூடம் காட்டினார்கள், நான் வாயைத் திறக்கவில்லை.

வேலை முடிகிற நேரத்தில் லயத்துக்குப் போனேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் லெட்சுமியின் வீடு கடைசி. முன்னாலிருந்த இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணையில் பலகை போட்டு உட்காரச் சொல்லி, சீனியைத் தனியாக உள்ளங்கையில் கொடுத்து பிளேன்டீ தந்தார். மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பு என்னாத்துக்குங்க? ஆறு வருசமா காட்டேரியம்மாகிட்ட நா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அவரு வரணும்னுகூட கேக்கல. கூப்புட்டதுக்கு ஒருக்கா பதில் வரட்டும்னு கேட்டேன். வந்திருச்சு."

"அது என் குரல்மா. அவர் இல்லை."

"தெரியுங்க. சட்டையத் தொட்டுப் பாத்தேனே." அவர் என் முகத்தையே பார்த்தார். "ஒங்கள யாரு சொல்ல வச்சா?"

டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் சொன்னேன். தம்பி குடித்துக்கொண்டிருந்தான். குடியை விடாமல் வாசல்படி மிதிக்காதே என்று விரட்டியிருந்தேன். இருபது நாள் கழித்து ஒரு மத்தியானம் வந்தான். மீனாவும் காயத்ரியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் உள்ளே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, இருக்கியா?" என்று மூன்று தடவை கூப்பிட்டான். குரல் தெளிவாக இருந்தது, குடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. டிவி சத்தத்தைக் குறைத்தேன், பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நிற்கட்டும், புத்தி வரட்டும் என்று நினைத்தேன். அந்த ஓவர் முடிந்து கதவைத் திறந்தேன், தெருவில் யாரும் இல்லை. அவன் வந்து போனதைப் பக்கத்து வீட்டார் பார்த்திருந்தார்கள். அன்றைக்கு நான் வீட்டில் இல்லை என்று மீனாவிடம் சொன்னேன், போலீஸில் சொன்னேன், எல்லோரிடமும் சொன்னேன்.

பிறகு பத்திரிகை விஷயத்தையும் சொன்னேன்.

லெட்சுமி வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டார். "கூப்புட்டப்ப வாயத் தொறக்கலீங்க. இப்ப செத்தாருன்னு மட்டும் எந்த வாயால எழுதுவீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. சோறு ஆச்சா என்று விசாரிப்பது போலத்தான் கேட்டார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெரட்டில் எல்லாப் பெயரும் முடிந்தன. லெட்சுமி என்றதும் இருக்கேங்க என்று வந்தது. அதற்குப் பிறகு கங்காணி, "சரி, மலைக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான். ராமையா என்ற பெயர் வரவில்லை. அந்த இடத்தில் நின்ற ஒவ்வொருவரும் அது வராததைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இரண்டு நாள் பதில் வராத பெயருக்குப் பயந்த நான், வராத பெயருக்கு அதைவிடப் பயந்தேன்.

பதில் வந்துவிட்டது, இனிக் கூப்பிட வேண்டாம், செடியையும் வெட்டிவிடலாம் என்று லெட்சுமியே கங்காணியிடம் சொல்லிவிட்டாராம். நாலாம் நம்பர் மலைக்கு நானும் கூடப் போனேன். மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்தார்கள். கவ்வாத்துச் சாமியாம், வெட்டு ஆரம்பிக்குமுன் உத்தரவு கேட்பது வழக்கமாம். லெட்சுமி தன் வீட்டுக்காரர் விட்டுப்போன அதே கத்தியால் வெட்டினார். கத்தியைத் தீட்டித்தான் வைத்திருக்கிறார் இத்தனை வருடமும். கங்காணி கை கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றார். கிளைகள் பூவோடு சாய்ந்தன. வெள்ளைப் பூ எங்கள் எல்லோர் காலிலும் கிடந்தது.

கடைசியாக ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் கத்தியைக் கீழே வைத்தார்.

"இது?" என்று கேட்டேன்.

"ஒரு கெள விடணுங்க. மொத்தமா வெட்டிப்புட்டா செடி மூச்சு விட ஏலாது, செத்துப் போயிரும். எல்லாச் செடிக்கும் அப்பிடித்தான்." கத்தியைச் சாக்கில் துடைத்தார். "அவருக்கும் அது தெரியும். அவருதான் எனக்குச் சொன்னாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை.

தலவாக்கலையில் மத்தியான ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். எங்கள் ஊராக இருந்தால் ஸ்டேஷன் மாஸ்டரைச் சுற்றி நாலு பேர் சண்டைக்கு நின்றிருப்பார்கள். இங்கே எல்லோரும் வடை வாங்கித் தின்றுகொண்டு அமைதியாக இருந்தார்கள். நானும் இறால் வடை இரண்டு வாங்கினேன். ரயில் வந்ததும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கொட்டகலை தாண்டும்போது மீனாவைக் கூப்பிட்டேன்.

"அச்சகத்துல மூணு தடவ கேட்டுட்டாங்க" என்றாள் எடுத்ததும்.

"பேரைப் போடச் சொல்லு. திரு போடச் சொல்லு. அமரர் வேண்டாம்."

"என்னங்க விளையாடுறீங்களா? சம்பந்தி வீட்டுல எங்க உங்க தம்பின்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"நீ சொல்ல வேண்டாம், நான் சொல்லிக்கிறேன். மீனா, அவன் வந்து கூப்பிட்ட அன்னைக்கு நான் வெளியே போகல. வீட்லதான் இருந்தேன். மூணு தடவ கூப்பிட்டான். கேட்டுக்கிட்டே உள்ள உட்கார்ந்திருந்தேன்."

அப்போதுதான் ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. பெட்டி முழுக்க இருட்டு, பையன்கள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மறுபக்கம் சத்தம் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதா, அவள் வைத்துவிட்டாளா, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. தம்பி அந்த கேட்டுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றிருப்பான் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தது. வெளியே ஒரே பனி.

"மீனா, இருக்கியா?" என்றேன்.

பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டேன். "இருக்கியா?"

வெகு நேரம் கழித்து, "இருக்கேன்" என்றாள்.